உதைத்தால்தான் கிளம்பும் வண்டி

அனார்கான் அந்தப் பெண்ணின் இடது கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். பெண்ணின் வலது கை சும்மா இருக்கவில்லை. தோல் பையில் புளித்துக்கொண்டிருந்த குதிரைப்பாலை மரத்துடுப்பால் குத்திக்கொண்டே இருந்தது.

"அந்தக் கையையும் நிறுத்து, கன்யஷாய்."

"நிறுத்தினா பால் கெட்டுப்போகும் அக்கா."

"நிறுத்தலேன்னா நான் எடுக்கிற அளவு தப்பாப்போகும். பால் ரெண்டு நிமிஷம் காத்திருக்கும்."

கன்யஷாய் துடுப்பை விட்டாள். அனார்கான் காற்றை மெல்ல இறக்கிவிட்டுக் காதில் மாட்டிய குழாயால் கேட்டாள். மேலே நூற்றைம்பது, கீழே தொண்ணூற்றைந்து. எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அது நல்ல அளவு இல்லை. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்து, நிரம்ப நேரமாயிற்று.

கூடாரத்தின் கம்பளிக் கதவைத் தள்ளிக்கொண்டு கன்யஷாயின் புருஷன் திலேக் பால் வாளியுடன் உள்ளே வந்தான்.

"என்ன அக்கா, பையனா பொண்ணான்னு சொல்லுதா உங்க மெஷின்?"

"உன் பொண்டாட்டியை மலையை விட்டுக் கீழ இறக்குன்னு சொல்லுது."

"இப்பவா? இன்னும் ஒரு மாசம் குதிரைங்க கறக்குமே. நான் கறப்பேனா, பையைக் குத்துவேனா?"

"ரெண்டையும் பண்ணு. பிள்ளை பெத்துக்கிறதுல உனக்கு வேற வேலை ஒண்ணும் கிடையாது."

கன்யஷாய் சிரித்தாள். ஆனால் இறங்க மாட்டேன் என்றாள். முதல் பிரசவம், முதல் கோடை, மாமியார் இல்லாத கூடாரம். தான் இறங்கினால் அவன் பாலை நாசமாக்கிவிடுவான் என்பது அவள் கவலை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அனார்கான் கணவாயைத் தாண்டி வந்து பார்ப்பாள். தலை வலித்தாலோ, கண்ணில் ஏதாவது மின்னினாலோ அன்றைக்கே இறங்கிவிட வேண்டும், பேச்சே கிடையாது.

"எதுல வருவீங்க?" என்றான் திலேக். "உங்க கிழட்டு வண்டி போன வாரமே உயிரை விட்டுடுச்சு. இன்னிக்கு என் சித்தப்பா குதிரையில வந்தீங்க. போக வர ஒரு பகல் போயிடுதே."

"நாளன்னைக்கு வண்டி வருது. ரெண்டு கொண்டு வராங்க. ஒண்ணை எடுக்கப்போறோம்."

அவன் அடுத்த கறவைக்குப் போகும்வரை அனார்கான் பையை அடுக்குவதுபோல் நேரத்தைக் கடத்தினாள். அவன் முதுகு திரும்பியதும் குதிரையை ஒரு பாறையின் பக்கத்தில் நிறுத்தி, பாறைமேல் ஏறி, அங்கிருந்து சேணத்துக்கு மாறினாள். வலது இடுப்புக்குள் யாரோ மரத்திருகாணியைத் திருகுவதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குதிரையைக் கிளப்பினாள்.

இடுப்பு ஏப்ரல் மாதத்திலிருந்தே அப்படித்தான். பனி உருகின ஓடையில் பழைய மோட்டார் சைக்கிளோடு விழுந்தாள். எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் விழுவதற்கு முன்பே மூட்டு தேய ஆரம்பித்திருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப்போன நாளில் யாருக்கும் சொல்லாமல் படம் எடுத்துப் பார்த்தாள். மூட்டை மாற்ற வேண்டும், அதுவரை குதிரையும் மோட்டார் சைக்கிளும் கூடாது என்றார் எலும்பு டாக்டர். இலையுதிர் காலம் முடியட்டும் என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். எல்லா நோயாளிகளும் அவளிடம் சொல்லுகிற பதில்தான் அது. கேட்டால் அவளுக்குக் கோபம் வரும் பதில்.

கணவாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் கோடை மேய்ச்சல் கூடாரங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருத்துவ நிலையம், அதில் ஒரே ஆள். டாக்டர் படிப்பில்லை, ஆனால் முப்பது வருஷமாக ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் உடைந்த கையைக் கட்டுவதும் அவள்தான். கல்யாணமான புதிதில் புருஷன் பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி வைத்த கனத்த ருஷ்ய மோட்டார் சைக்கிளை ஓட்டக் கற்றுக்கொடுத்தான். "எனக்கு மூணு குதிரை இருக்கு, ஒரு பொண்டாட்டிதான் இருக்கா. நீ நடந்து செத்தா நஷ்டம்" என்பான். அவன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான், வந்துவிடு என்று கூப்பிடுகிறான். அவள் போனால் இந்த வேலைக்கு இளசுகள் யாரும் வரப்போவதில்லை, மாவட்டத்தில் நிலையத்தை மூடிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இடுப்பு விஷயம் மட்டும் ஊருக்குத் தெரியாது.

சொன்னபடி மூன்றாம் நாள் காலை, ஏரிக்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி வாடகைக்கு விடும் தொலொகொன் ஒரு சின்ன லாரியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊர் சேர்ந்து வாங்குகிற வண்டி. அதனால் ஊரே மருத்துவ நிலையத்தின் முன்னால் நின்றது.

ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மலைக்கும் ரோட்டுக்கும் பொதுவான, ஒல்லியான, உயரமான ஜப்பான் வண்டிகள். ஒரே கம்பெனி, ஒரே சட்டம், ஒரே சக்கரம். கீறல்கூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"அக்கா தங்கச்சி," என்றான் தொலொகொன். "வயசு மட்டும் வித்தியாசம். எதை எடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"நீ விக்கிறவன், உனக்கு ஒண்ணுதான்," என்றான் ஜோல்தோஷ். ஊரில் டிராக்டரிலிருந்து தையல் மிஷின் வரை பழுது பார்ப்பவன் அவன். இரண்டு வண்டிகளுக்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் புல்லோடு எழுந்தான். "சிவப்புதான் அக்கா, அதுக்குக் கார்புரேட்டர். தங்கச்சிக்கு அது கிடையாது, உள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சுது. அக்காவைக் காலால உதைச்சுக் கிளப்பணும். தங்கச்சிக்குப் பட்டன். உதைக்கிற கம்பியே கிடையாது."

"உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் கரிம்ஷாக். ஊரின் மூத்த வெள்ளைத்தாடிக்காரர் அவர். கூட்டுப்பண்ணைக் காலத்தில் குதிரைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஊரில் யார் குதிரை வாங்கினாலும் முதலில் பல்லைப் பார்ப்பது அவர்தான்.

"சிவப்பு, பெரியப்பா. நம்ம ஊர் பெட்ரோல் எப்படி? டிரம்முல வருது, பாதி தண்ணி, பாதி துரு. சிவப்பு அடைச்சுக்கிட்டா அரை மணியில கழட்டித் துடைச்சு மாட்டிடுவேன். நீலம் அடைச்சுக்கிட்டா தொலொகொனைத்தான் கூப்பிடணும்."

"என்னைக் கூப்பிட்டா நான் யாரைக் கூப்பிடறது?" என்றான் தொலொகொன். "ஆனா ஒண்ணு சொல்றேன். கணவாய் உயரத்துல சிவப்பு கொஞ்சம் மூச்சு வாங்கும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. நீலம் அதுவா சரி பண்ணிக்கும்."

"பெட்ரோல் வர்ற துளை, அதான் ஜெட், அதைச் சின்னதாப் போட்டாச் சரியாயிடும்," என்றான் ஜோல்தோஷ்.

"ஜெட் இருக்கா?"

"வரவழைப்பேன்."

"குளிருல பேட்டரி செத்தா நீலத்தைத் தோள்ல தூக்கிட்டுத்தான் வரணும்," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "டாக்டர் அக்கா தூக்குவாங்க. என்னையே ஒரு தடவை தூக்கிட்டு வந்தாங்க."

"நீ குடிச்சிருந்தே. அதான் கனம்," என்றாள் அனார்கான். எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்னதெல்லாம் நியாயம். அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. ஜோல்தோஷ் சொன்னதில் பொய் இல்லை, தொலொகொன் சொன்னதிலும் பொய் இல்லை. இடுப்பு நன்றாக இருந்தால் அவளும் சிவப்பைத்தான் எடுத்திருப்பாள். இந்த இடுப்போடு அவளால் எதையும் உதைக்க முடியாது. நீலம்தான் வேண்டும் என்று சொல்ல அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வண்டியைப் பற்றியதாக இருக்காது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். நிலையத்தின் படியோரம் நிறுத்தச் சொல்லி, படியிலிருந்து ஏறினாள். நீலம் பட்டனைத் தொட்டதும் பேசியது. பள்ளிக்கூடம் வரை போய் வந்தாள். சிவப்பைத் தொலொகொன் முன்பே உதைத்துச் சூடாக்கி வைத்திருந்தான். அதிலும் போய் வந்தாள். நல்ல வண்டி. சொன்ன பேச்சுக் கேட்கிற வண்டி. இறங்கும்போது வலது காலைப் பின்னால் சுழற்றினாள். அந்த ஒரு கணத்தில் மூட்டு பூட்டிக்கொண்டது. கண் இருட்டியது. விழாமல் இருக்க சிவப்பின் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை அதன்மேல் சாய்த்து நின்றாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் குதிரை வாங்குகிறவர் வாயால் சரி என்று சொல்வதில்லை. எவ்வளவு நேரமும் பேசுவார், குறை சொல்வார், போகிறேன் என்பார். கடைசியில் கடிவாளத்தைப் பிடித்து, குதிரையின் நெற்றியில் நெற்றியை வைப்பார். அவ்வளவுதான், குதிரை கைமாறிவிட்டது. அதற்குப்பின் பேச்சு கிடையாது.

அவள் நிமிர்ந்தபோது கரிம்ஷாக் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நின்றார்.

"ஓமின்," என்று தொடங்கினார். ஊர் முழுக்கக் கை விரித்தது. வழி திறக்கட்டும், சக்கரம் வழுக்காமல் இருக்கட்டும், ஏறினவளும் அவள் தேடிப்போகிறவர்களும் நலமாக இருக்கட்டும். கடைசி வார்த்தையோடு எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஆசி விழுந்துவிட்டது. தொலொகொன் வழக்கப்படி சிவப்பின் பின்னால் சுமை கட்டுகிற கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். குதிரையை விற்கலாம், கயிற்றை விற்றால் வீட்டு அதிர்ஷ்டம் கூடவே போய்விடும் என்பார்கள்.

"நெத்தியே வச்சிட்டா," என்று கரிம்ஷாக் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். குரலில் சந்தோஷம். "இந்தக் காலத்துப் பசங்க மறந்துட்டாங்க. அவ மறக்கல."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மூட்டு விடுபட்டதும் பையை எடுத்துக்கொண்டாள். "கணவாய்க்கு அப்பால ஒரு கர்ப்பிணி இருக்கா. வண்டி சூடா இருக்கும்போதே போறேன்," என்றாள்.

"ஆடு வெட்டறோம்," என்றார் கரிம்ஷாக். "தொலொகொனும் இருந்து சாப்பிட்டுக் காலையில போவான். சாயங்காலம் வந்துடு."

பாதி மலை வரை ஒன்றும் ஆகவில்லை. ரோடு பிரிந்து கல்பாதையானதும் சிவப்பு இருமத் தொடங்கியது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் கறுப்புப் புகை, குறைத்தால் திணறல். முதல் கியரிலேயே ஏற்றினாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கற்கள் புரளும் வளைவில் வேகம் குறைந்தது. அணைந்துவிட்டது.

இறங்கினாள். உதைக்கும் கம்பியை வெளியே மடக்கினாள். வலது பாதத்தை அதன்மேல் வைத்து அமுக்கினாள். அது உதை இல்லை, வெறும் அமுக்கல். இன்னொரு முறை உடம்பின் எடையைப் போட்டாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு மின்னல் ஓடி, வாயிலிருந்து சத்தம் வந்தது. அங்கே கேட்க ஆள் இல்லை. வண்டியின் வலப்பக்கம் வந்து நின்று இடது காலால் உதைத்துப் பார்த்தாள். அப்போது மொத்த எடையும் வலது காலில் நின்றது. கால் மடங்கியது. கற்களில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே யோசித்தாள். அழுகிற ரகம் இல்லை அவள். கீழே உருட்டினால் தானாகக் கிளம்பும், ஆனால் வண்டி ஊரைப் பார்த்துத்தான் உருளும். திரும்பி ஏறினால் இதே இடத்தில் மறுபடி அணையும். உச்சி பக்கத்தில்தான் இருந்தது. கியரை நடுவில் போட்டுத் தள்ளினாள். பத்தடி தள்ளி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளினாள். உச்சிக்குப் போனபோது வெயில் திசை மாறியிருந்தது. அங்கிருந்து இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். பிடித்துக்கொண்டது. மேய்ச்சலுக்கு முன்னால் இருக்கும் ஓடையில், தண்ணீர் நடுவே, மறுபடி அணைந்தது. கரைக்குத் தள்ளி, ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பையோடு நொண்டி நடந்தாள்.

கூடாரத்தில் துடுப்புச் சத்தம் இல்லை.

கன்யஷாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, கையால் கண்ணை மூடியிருந்தாள். திலேக் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"காலையிலேர்ந்து மண்டை வலின்னா. நீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம்."

"கண்ணுல?"

"பூச்சி பறக்குது அக்கா," என்றாள் கன்யஷாய். "வெள்ளைப் பூச்சி."

மேலே நூற்றெழுபது, கீழே நூற்றுப்பத்து. அனார்கான் முகத்தில் எதையும் காட்டவில்லை. அது பழக்கம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மாத்திரை கொடுத்தாள். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் ஊசியை இடுப்புச் சதையில் ஆழமாக, மெதுவாகப் போட்டாள். கூடாரத்தின் மேல்வளையத்தைக் கம்பளியால் மூடி இருட்டாக்கினாள்.

"திலேக், ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டி நிக்குது. கிளப்பிக்கிட்டு உச்சிக்குப் போ. அங்கதான் போன் எடுக்கும். ஜோல்தோஷை ஜீப்போட வரச் சொல்லு. ஆம்புலன்ஸ் ஊருக்கு வந்து நிக்கணும்னு மாவட்டத்துக்குச் சொல்லு. ரத்தக்கொதிப்பு, எட்டு மாசம், வலிப்பு வரலாம், இந்த மூணையும் சொல்லு."

"வண்டி ஏன் அங்க நிக்குது?"

"போடா."

அவன் ஓடினான். கன்யஷாயின் மணிக்கட்டைப் பிடித்தபடி அனார்கான் காது கொடுத்திருந்தாள். ஒரு உதை. இரண்டாவது உதை. வண்டி கிளம்பிவிட்டது. இருமிக்கொண்டே தூரமாகப் போனது. இரண்டே உதை. மேலே கற்களில் தான் உட்கார்ந்திருந்த நேரத்தையும் தள்ளின நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அந்த நேரம் முழுக்க இவள் கண்ணில் பூச்சி பறந்துகொண்டிருந்தது, ஊசி பையில் கிடந்தது.

"அக்கா, பால்," என்றாள் கன்யஷாய் கண்ணைத் திறக்காமல்.

"பால் நாசமாப் போகட்டும். வாயை மூடிட்டுப் படு."

ஜீப் வந்தது. பின்சீட்டில் கன்யஷாயின் தலையைத் தன் மடியில் வைத்து அனார்கான் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவளைப் பிடித்துக்கொண்டாள், தன் இடுப்பைப் பிடிக்கக் கை மிச்சம் இல்லை. திலேக் குதிரைகளைப் பக்கத்துக் கூடாரத்தாரிடம் விட்டுவிட்டு, சிவப்பில் பின்னால் வந்தான். வழியில் வலிப்பு வரவில்லை. ஊரில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது திலேக் அனார்கான் பக்கம் வந்தான்.

"அக்கா. ரெண்டே உதைதான்."

"ம்."

"ஓடையிலேர்ந்து நடந்து வந்தீங்க. நொண்டிக்கிட்டு வந்தீங்க. நான் பார்த்தேன்."

"கால் வராதுடா. ஏப்ரல்லேர்ந்து."

"அப்புறம் ஏன் அந்த வண்டியைப் பிடிச்சீங்க?"

நர்ஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டான். கோபித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. அவன் கோபப்படவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

சாயங்காலம் கரிம்ஷாக் வீட்டில் ஆட்டுக்கறி. வராமல் இருக்க முடியாது, வந்து உட்கார்ந்தாள். காலை மடக்க முடியாததால் சுவரில் சாய்ந்து நீட்டிக்கொண்டாள். களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆசி விழுந்த அன்னிக்கே ரெண்டு உசிரைக் காப்பாத்திடுச்சு, பாருங்க," என்றான் ஜோல்தோஷ், எலும்பைக் கடித்துக்கொண்டே. "நீலத்தை எடுத்திருந்தா ஓடையில கம்ப்யூட்டர் நனைஞ்சு உட்கார்ந்திருக்கும்."

"உட்காராது," என்றான் தொலொகொன்.

"நீ பேசாதே. நீ வித்துட்டே, கயிறும் எடுத்துக்கிட்டே."

கரிம்ஷாக் தன் தட்டிலிருந்து கொழுப்புள்ள வால் துண்டை அறுத்து அவள் கையில் வைத்தார். "சாப்பிடு. குதிரையைப் பார்த்ததும் தெரியும்னு எங்கப்பா சொல்வார். நீ வண்டியைப் பார்த்ததும் கண்டுபிடிச்சே."

அவள் அதை மென்றாள். பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. ஊருக்குச் சந்தோஷம், கிழவருக்குப் பெருமை, அவளுக்கு வேலை. ஜெட் வந்தால் வண்டி அவ்வளவாக அணையாது. அணைந்தாலும் எங்காவது ஒரு திலேக் இருப்பான். இல்லாமலும் போவான். தேநீர் வருவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். திலேக் எடுத்தான். கொதிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை, இன்றைக்கு வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். வேறொன்றும் தெரியவில்லை.

அனார்கான் சிவப்பைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தொலொகொன் லாரியில் நீலத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜோல்தோஷ் ஒரு முனையைப் பிடித்திருந்தான். கரிம்ஷாக் வழியனுப்ப நின்றார்.

"அவிழ்," என்றாள். "நீலத்தை இறக்கு. இதை ஏத்திக்கோ."

"என்ன அக்கா, விளையாடறீங்களா?" என்றான் தொலொகொன்.

"என் இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சு. இந்த வண்டியை என்னால உதைக்க முடியாது. நேத்து கணவாயில நின்னுட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட லேட்டாப் போய்ச் சேர்ந்தேன். அவ்வளவுதான் விஷயம்."

ஜோல்தோஷ் கயிற்றைக் கீழே விட்டான். "எப்போலேர்ந்து?"

"ஏப்ரல்."

"நேத்து ஏன் சொல்லல? நான் அவ்வளவு நேரம் கார்புரேட்டரைப் பத்திப் பேசினேனே."

"நீ பேசினது சரி. அதான் சொல்லல."

கரிம்ஷாக் நெருங்கி வந்தார். "நீ நெத்தியை வச்சியே, மகளே. ஊரே பார்த்துச்சு."

"பிடிச்சு நின்னேன் பெரியப்பா. விழாம இருக்க."

கிழவர் அவள் காலைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் சுவரோரம் நீட்டிக்கிடந்த காலை நினைத்துப்பார்க்கிறார் என்று தெரிந்தது.

"குதிரை நொண்டினா மலைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்தே சொல்லிடுவேன்," என்றார். "நீ என் முன்னாடி நொண்டியிருக்கே. எனக்குத் தெரியல."

"தெரியக்கூடாதுன்னுதான் நடந்தேன்."

"நல்லா நடந்தே." அது பாராட்டு இல்லை.

தொலொகொன் கையைப் பிசைந்தான். "பெரியப்பா, நான் எப்படி இதைத் திருப்பி எடுப்பேன்? ஊர் கை விரிச்சு ஆசி கொடுத்த பொருளு. கயிறு வேற எடுத்துக்கிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனா எங்கம்மா என்னை உள்ளயே விடமாட்டா."

"உங்கம்மாகிட்ட சொல்லு, கரிம்ஷாக்கோட ஆசியைச் சும்மா கொடுத்தனுப்பினாங்கன்னு. யாராவது நல்லதை வேண்டாம்பாங்களா? உன் வெளிநாட்டுக்காரங்க அதுல விழாம போவாங்க. எடுத்துட்டுப் போ."

"அப்போ நீலத்துக்கு?"

"கிடையாது. ஒரு வண்டிக்கு நேத்து, ஒரு வண்டிக்கு இன்னிக்குன்னு கை விரிச்சா அது ஆசி இல்ல, சந்தையில கூவுறது." அனார்கானைப் பார்க்காமலே சொன்னார். "அவ அப்படியே ஓட்டட்டும்."

நீலத்தை இறக்கினார்கள். சிவப்பை ஏற்றினார்கள். ஜோல்தோஷ் கயிற்றை முடிச்சுப் போடும்போது மெல்லக் கேட்டான்: "மாவட்டத்துக்கு இது தெரிஞ்சா, அக்கா?"

"நானே சொல்லப்போறேன். அக்டோபர்ல ஆபரேஷன். அதுக்குள்ள ஆள் அனுப்பச் சொல்லுவேன்."

"அனுப்ப மாட்டாங்க. மூடிடுவாங்க."

"மூடுவாங்கன்னா ஊரே சேர்ந்து போய்க் கேளுங்க. இவ்வளவு நாள் நான் கேட்டேன்."

லாரி போனது. கரிம்ஷாக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஜோல்தோஷ் மட்டும் நின்றான். "பெட்ரோல் அடைக்கும்னு சொன்னேனே, அதுல மாத்தம் இல்ல," என்றான்.

"தெரியும். புனல் எடுத்துட்டு வா."

நிலையத்துக்குள் போய்ப் புதுக் கட்டுத்துணிச் சுருள் ஒன்றைப் பிரித்தாள். எட்டாக மடித்துப் புனலுக்குள் திணித்தாள். ஜோல்தோஷ் கேனைச் சாய்த்தான். முதல் மடிப்பிலேயே துருவும் ஒரு சொட்டுத் தண்ணீரும் நின்றன. அதைத் தூக்கிப்போட்டு வேறு துணி மடித்து, வடித்ததையே இன்னொரு கேனில் மறுபடி வடித்தாள். மூன்றாவது முறை துணி சுத்தமாக வந்தது. அதைத்தான் வண்டியில் ஊற்றினாள்.

கணவாய்க்கு அப்பால் கால் வெந்த ஒரு மேய்ப்பனுக்குக் கட்டு மாற்ற வேண்டும். ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். பையைப் பின்னால் வைத்துக் கட்டினாள். தெருவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே வண்டியைப் படியோரம் நிறுத்தி, ஜோல்தோஷின் தோளைப் பிடித்துப் படிமேல் ஏறி, வலது காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். பட்டனை அழுத்தினாள்.